கீழ்க்கட்டளையில் இரண்டு நாள் ஓய்வு

ரெஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டால் இப்போதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "கொஞ்சம் ரெஸ்ட் எடும்மா" என்று அன்பாகச் சொன்னாலும் சரி. அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் என் சொந்த வீட்டில் என்னை ஒளித்து வைத்தார்கள். பூட்டு எதுவும் போடவில்லை. அது இல்லாமலே காரியம் நடந்தது.

நான் அப்போது கப்பலில் படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவித்தொகையோடு இடம் கிடைத்துப் போயிருந்தேன். முதல் வருஷம் அங்கே பெண்கள் விடுதியில் இருந்தேன். இரண்டாம் வருஷம் ஒரு பருவம் முழுக்கக் கடலிலேயே நடக்கும் படிப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே கப்பலில். துறைமுகத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே வகுப்பு, தேர்வு, கட்டுரை எல்லாம் நடக்கும். கரை வந்தால் இறங்கிப் பார்க்கலாம். பயணத் திட்டத்தில் சென்னைக்கு நேரே "இரண்டு நாள், ஓய்வு" என்று போட்டிருந்தார்கள். மற்ற ஊர்களிலெல்லாம் அருங்காட்சியகம், களப்பணி என்று ஓட வேண்டியிருந்தது. என் ஊரில் மட்டும் சும்மா இருக்கலாம்.

என் அறையில் கூட இருந்த பெண் அந்த இரண்டு நாளுக்கு மகாபலிபுரம் போகத் திட்டம் போட்டாள். கடற்கரையோர விடுதி, இளநீர், எண்ணெய் மசாஜ் என்று பட்டியலே வைத்திருந்தாள். என்னையும் கூப்பிட்டாள். எனக்கு வீடு இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

நான் வீட்டுக்குப் போக நினைத்ததற்கு ஒரே காரணம் அம்மாதான். சென்னையில் நிற்கும் இரண்டாம் நாள் காலையில், பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை, ஊர்க்காரப் பிள்ளைகள் வீட்டார் இருவரைக் கப்பலுக்குள் அழைத்துக் காட்டலாம் என்று சொல்லியிருந்தார்கள். துறைமுகத்துக்குள் நுழையப் பாஸ் வேண்டும். அதற்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் பெயரையும் ஆதார் எண்ணையும் அனுப்பிவிட வேண்டும். இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான் வர்றேன். நீ எங்க படுக்கறே, எங்க சாப்பிடறேன்னு என் கண்ணால பாத்துட்டாப் போதும், அப்புறம் நிம்மதியா இருப்பேன்" என்றாள். என் அம்மா எதையும் வேண்டும் என்று கேட்கிற ஆள் இல்லை. அவள் கேட்ட ஒன்றை என்னால் செய்ய முடியும் என்பது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கப்பலை விடியும்போதே கரையில் கட்டிவிட்டார்கள். எல்லாச் சோதனையும் முடிந்து நான் வெளியே வரப் பதினொரு மணி ஆனது. என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், கடை வேனைக் கொண்டுவந்து நின்றார். பல்லாவரத்தில் எங்களுக்குக் குழாய், வாஷ்பேசின், டைல்ஸ் விற்கும் கடை. அந்த வேனில் பின் சீட்டைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றுவார்கள். வழக்கமாக நான் முன்னால் உட்காருவேன். அன்று அத்தா பின்கதவைத் திறந்தார். உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு பாயை விரித்து வைத்திருந்தார். பாயின்மேல் அம்மாவின் கறுப்பு புர்கா மடித்து இருந்தது, முகத்திரையோடு.

எங்கள் வீட்டில் யாரும் முகத்தை மூடுவதில்லை. முக்காடு உண்டு, அவ்வளவுதான். அம்மாவேகூட அந்த முகத்திரையைத் தூசிக்காக பைக்கில் போகும்போது மட்டும் போடுவாள். இத்தனை வருஷத்தில் இதைப் போடு, அதைப் போடாதே என்று அத்தா என்னிடம் சொன்னதே கிடையாது. அன்று சொன்னார். வேன் கிளம்பிய பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எங்கள் வீடு இருக்கும் கீழ்க்கட்டளை வந்ததும் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும், படியில் யாராவது எதிரே வந்தால் பேசக் கூடாது, இரண்டு நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்து நன்றாக ரெஸ்ட் எடுக்க வேண்டும்.

ஏன் என்று கேட்டேன். கத்திப்பாரா மேம்பாலம் தாண்டியதும்தான் பதில் வந்தது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நான் கப்பலில் இருப்பது யாருக்கும் தெரியாதாம். சொந்தத்துக்கு, அபார்ட்மெண்டுக்கு, ஜமாஅத்துக்கு, எல்லோருக்கும் நான் இன்னும் அந்தப் பெண்கள் விடுதியில்தான் இருக்கிறேன். அஸ்தினாபுரத்தில் ஒரு மாப்பிள்ளை வீடு என் ஜாதகம் மாதிரி ஒரு தாளை, பயோடேட்டா என்கிறார்களே அதை, வாங்கிப் போய்ப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. அந்தத் தாளிலும் அத்தா விடுதி என்றுதான் எழுதியிருக்கிறார். யாரோ கேட்டதற்கு, வார்டன் ரொம்பக் கண்டிப்பான அம்மா என்றும் சேர்த்துச் சொல்லி வைத்திருக்கிறார்.

"கப்பல்னு சொன்னா, மாசக்கணக்கா பசங்களோட ஒரே எடத்துலன்னு பேசுவாங்கம்மா" என்றார்.

அவர் அப்படி நினைக்கிறவராக இருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவர் நினைக்கவில்லை. கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஒரு ஆப்பைப் போனில் போட்டு, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்த முக்கோணப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பெண்பிள்ளையை இவ்வளவு தூரம் அனுப்ப வேண்டுமா என்று கேட்ட தன் அண்ணன்களிடம் சண்டை போட்டு என்னை அனுப்பியவர் அவர். அப்படிப்பட்ட மனுஷனுக்குக் கப்பல் என்ற ஒரு சொல்லை வாயால் சொல்ல தைரியம் இல்லை. பாயில் உட்கார்ந்து, பெட்டிகள் இடிக்க இடிக்க, நான் அந்த புர்காவைப் போட்டுக்கொண்டேன். போடாமல் அடம் பிடித்திருக்கலாம். அம்மாவை மறுநாள் கப்பலுக்கு அழைத்துப் போகும்வரை எந்தச் சண்டையும் வேண்டாம் என்று பொறுத்துக்கொண்டேன்.

வீட்டில் பட்டப்பகலில் எல்லாத் திரையும் இழுத்து விட்டிருந்தது. நான் உள்ளே வந்ததும் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துச் சத்தம் வராமல் அழுதாள். அழுதுகொண்டே வாசலில் கிடந்த என் ஷூவை எடுத்து உள்ளே வைத்தாள். டிவி சத்தத்தை ஏற்றினாள். சமையலறைக்குப் பின்தொடர்ந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். சமையலறை ஜன்னல் அபார்ட்மெண்டின் நடுச்சந்துப் பக்கம் திறந்தது, அங்கே பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்குமாம். உள்ளே போய்ப் படு, ரெஸ்ட் எடு என்றாள். இவளுமா என்று இருந்தது. என் அறையில், என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, இருமல் வந்தால்கூடத் தலையணையில் வாயைப் பொத்தி இருமினேன். கப்பலில் அறுநூறு பேருக்கு நடுவே எனக்கு அதைவிட அதிக இடம் இருந்தது.

அம்மா பிரியாணி செய்திருந்தாள். சீரக சம்பா, ஆட்டுக்கறி, முதல் நாளே ஊறவைத்தது. பருவம் முழுக்க நான் ஏங்கிய சோறு. சாப்பிடும்போது பாஸ் பேச்சை எடுத்தேன். ஐந்து மணிக்குள் பெயர் அனுப்ப வேண்டும், அம்மாவின் ஆதார் அட்டை வேண்டும் என்றேன். அத்தா தலையை நிமிர்த்தாமல், அம்மா வரமாட்டாள் என்றார். ஹார்பரில் பாதிப் பேர் அவருக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கிற ஆட்கள். கேட்டில் யாராவது அவளைப் பார்த்தால், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், சாயங்காலமே அஸ்தினாபுரத்துக்குச் செய்தி போய்விடும் என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். வர்றேன் என்று போனில் சொன்னவள் அவள். ஒரு வார்த்தை, அந்த ஒரே வார்த்தையைத் திருப்பிச் சொன்னால் போதும். அம்மா என் தட்டில் இன்னொரு கறித்துண்டை வைத்தாள்.

"சாப்புடு மொதல்ல" என்றாள்.

அந்தத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. அடித்தால் சத்தம் கேட்குமே. கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அடுத்து நடந்தது எங்கள் வீட்டில் மட்டுமே நடக்கும். இவ்வளவு திரை போட்டு, ஷூவை ஒளித்து, டிவியை அலறவிட்ட என் அம்மா, மூன்று மணிக்கு ஒரு எவர்சில்வர் டப்பாவில் பிரியாணியை நிரப்பி எதிர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். தன் கையாலேயே. எதிர் வீட்டு ஆன்ட்டி கிறிஸ்தவர், பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டில் பிரியாணி வெந்தால் ஒரு டப்பா அங்கே போகும். அவர் வீட்டுக் கேக்கும் மீன்குழம்பும் அதே டப்பாவில் திரும்பி வரும். வாசம் அங்கே போயிருக்குமே, கொடுக்காமல் எப்படி இருப்பது என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பெற்ற பெண்ணை ஒளித்து வைக்க முடிந்தது. பிரியாணியை ஒளிக்க அவளுக்குத் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் ஆன்ட்டி டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"புதன்கெழமல பிரியாணி போட்டுகினு கீறியே, இன்னாம்மா விசேஷம்?"

அம்மா திணறியது எனக்கே கேட்டது. அத்தாதான் பதில் சொன்னார். பிள்ளைக்காக ஒரு நேர்ச்சை, அங்கே தனியாக இருக்கிறாள் அல்லவா, நல்லபடியாகப் படித்து முடிக்க வேண்டும் என்று ஆக்கிக் கொடுத்தோம் என்றார். எவ்வளவு லாவகமாக வந்தது அந்தப் பொய். கடையில் வாடிக்கையாளரிடம்கூட அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அதைக் கேட்டு ஆன்ட்டி மனம் இளகிவிட்டார். அப்படியானால் நானும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறேன் என்று அங்கேயே ஹாலில் நின்று ஆரம்பித்துவிட்டார். நல்ல கணீர்க் குரல் அவருக்கு.

"ஆண்டவரே, கடல் தாண்டித் தனியா இருக்கற எங்க புள்ளைய உம்ம கையில குடுக்கறோம். அந்த ஆஸ்டல்ல அவ படுக்கற கட்டில ஆசீர்வதியும். அந்த வார்டன் அம்மாவுக்கு நல்ல மனசக் குடும். பெத்தவங்க பாக்க முடியாத எடத்துல நீர் அவளப் பாத்துக்கும்."

இல்லாத வார்டனுக்கு நல்ல மனசு கேட்டு ஒரு அம்மாள் கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்கிறார். பெற்றவர்கள் பார்க்க முடியாத அந்த இடம் அவருக்குப் பத்தடி தூரத்தில் இருந்தது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அத்தா தலையைக் குனிந்து நின்றார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆமீன் சொன்னாள். அவள் அதை மனசாரச் சொன்னதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

ஆன்ட்டி கண்ணைத் திறந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். அவருக்கு முதலில் தோன்றியது என்னவோ உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்துவிட்டேன் என்றுதான். ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு ஒன்றும் இல்லை, நான் விடுதியில் இல்லை, கப்பலில் இருக்கிறேன், இன்று காலைதான் வந்தேன், நாளை சாயங்காலம் போகிறேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். சமையலறை ஜன்னல் திறந்துதான் இருந்தது. நன்றாகக் கேட்கட்டும் என்றே பேசினேன்.

ஆன்ட்டி என்னைப் பார்க்கவில்லை. அத்தாவையும் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"என்னாண்ட கூடவா?" என்றார்.

நானும் அம்மாவை விடவில்லை. மணி நாலு ஆகிறது, ஐந்துக்குள் பெயர் அனுப்ப வேண்டும். எல்லோர் முன்னாலும் நேராகவே கேட்டேன். "நீ பாக்கணும்னு சொன்னே. வர்றியா, இல்லியா?"

அத்தா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அதை நான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அந்த நிமிஷம் அவர் தடுக்கவில்லை. விஷயம் வெளியே வந்துவிட்டது, இனிக் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. அம்மா சரி என்று சொல்லியிருந்தால் அவரே வேனில் கொண்டுவந்து விட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

"எனக்கு வேணாம்மா" என்றாள் அம்மா. "நீ ஃபோட்டோ அனுப்பு. அதுல பாத்துக்கறேன்."

அத்தாவின் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் அந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அவர் வெறும் பயந்தாங்கொள்ளி. இவள் என்ன? ஆசைப்பட்டது இவள். தடுக்க ஆள் இல்லாதபோதும் வேண்டாம் என்கிறாள். இவ்வளவு வருஷம் அடக்கி அடக்கி, தனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லவே மறந்துபோனவளா, இல்லை, என் கூட வெளியில் தெரிவதற்கே கூச்சமா? கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு அவளை எங்காவது வலிக்கிற மாதிரி அடிக்க வேண்டும் போல் இருந்தது. ஆன்ட்டி பக்கம் திரும்பினேன்.

"நீங்க வர்றீங்களா ஆன்ட்டி?"

வீம்புக்குத்தான் கேட்டேன். அவருக்குக் கப்பல் காட்ட வேண்டும் என்ற எண்ணமெல்லாம் எனக்குக் கிடையாது. ஆன்ட்டி மறுபடி அம்மாவைத்தான் பார்த்தார். போயிட்டு வாங்கக்கா என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். டப்பாவை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. நாலரை மணிக்கு ஆன்ட்டியின் பெயரும் ஆதார் எண்ணும் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலையில் அத்தா வேன் சாவியோடு வாசலில் நின்றார். நாங்கள் டிரெயினில் போய்க்கொள்கிறோம் என்று ஆன்ட்டியே சொல்லிவிட்டார். நான் முக்காட்டோடு, முகம் திறந்து, படியிறங்கினேன். மாடியிலும் கீழேயும் கதவுகள் திறந்திருந்தன, பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அம்மா வாசல்வரை வந்து என் கன்னத்தைத் தடவினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பல்லாவரத்துக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பீச் ஸ்டேஷன்வரை மின்சார ரயில். ஆன்ட்டிக்கும் கோபம் இருந்தது, வழியில் அதை என்னிடம் காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கப்பலின் ஏணிப்படியில் ஏறும்போது பக்கத்துக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு இடமாகக் காட்டச் சொன்னார். வகுப்பறை, நூலகம், சாப்பாட்டுக் கூடம். மற்றப் பிள்ளைகளின் வீட்டார் மேல்தளத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி அங்கே நிற்கவில்லை. குடிக்கிற தண்ணீர் எங்கே பிடிக்கிறாய், இந்தக் கறி உனக்கு ஆகுமா, அலை அடித்தால் எதைப் பிடித்துக்கொள்வாய் என்று கேட்டார். குளியலறைக் கதவைத் தானே உள்ளே போய்த் தாழிட்டுத் திறந்து பார்த்தார். அம்மா என்னென்ன கேட்டிருப்பாளோ அத்தனையும் அவர் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும்போது எனக்கு அம்மாமேல் ஆத்திரம் கூடிக்கொண்டே போனது.

என் அறைக்குக் கூட்டிப் போனபோது என் அறைத்தோழி மகாபலிபுரத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து, ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். ஆன்ட்டி என் கட்டிலில் உட்கார்ந்து மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார். கசங்கிக் கிடந்த போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அறைத்தோழி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், இவர் உன் அம்மாவா என்று.

"ஆமாம், என் அம்மா" என்றேன்.

ஆன்ட்டிக்கு அந்த அளவு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். போர்வை மடித்த கை ஒரு நொடி நின்றது. பிறகு அறைத்தோழியைப் பார்த்துப் புன்னகைத்தார். அவள் ஆன்ட்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். உன் அம்மா ரொம்ப அழகு என்று என்னிடம் சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்கு விருந்தாளிகளை இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏணிப்படிவரை கூட வந்தேன். ஆன்ட்டி என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நேத்து உங்க அத்தா சொன்ன பொய்க்கு அந்தக் குதி குதிச்சே. இப்ப நீ சொன்னது இன்னாம்மா?" என்றார். திட்டுகிற குரல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என் அம்மா உயிரோடு, நல்ல உடம்போடு, ஒரு மணி நேர தூரத்தில் இருக்கிறாள், என்னைப் பார்க்க வரவில்லை என்பதை இன்னொருத்தியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவமானமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அத்தாவுக்கும் அவ்வளவுதான் காரணம். அதை ஆன்ட்டியிடம் சொல்ல எனக்கு அப்போது தைரியம் இல்லை, பார்த்து இறங்குங்கள் என்று மட்டும் சொன்னேன்.